கடலோர மக்களின் குரல்



சென்னையிலுள்ள கன்னிமாரா நூலகத்தை நாம் அறிவோம். 1890இல் அதற்கு அடிக்கல் நாட்டிய ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பட்டப்பெயர், அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையிலுள்ள ஒரு பகுதியிலிருந்து வந்தது. பாறையும் சதுப்பும் நிறைந்த அந்தக் கரையில் ஐரிஷ் மொழி இன்றும் வீட்டுமொழியாக வாழ்கிறது. அம்மக்கள் தங்களுக்கென ஒரு வானொலியைப் பெற்ற வரலாற்றை இன்று சிந்திப்போம்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனால் எழுந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். அவர்களில் மிகப் பலர் ஐரிஷ் பேசிய ஏழைகள். பிள்ளைகள் பிழைக்க ஆங்கிலமே வழி என்று பெற்றோரே எண்ணலானார்கள். 1922இல் தனி அரசு அமைந்தது. ஐரிஷ் தேசிய மொழியாயிற்று. 1926இல் டப்ளினில் வானொலி தொடங்கியது. ஆனால் அதில் பெரும்பாலும் ஒலித்தது ஆங்கிலமே. ஏட்டில் மதிப்புப் பெற்ற மொழி, அதைப் பேசியவரின் வீட்டு வானொலிப் பெட்டியில் அரிதாகவே கேட்டது.

1969இல் கன்னிமாரா இளைஞர்கள் உரிமை இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். வேலை வேண்டும், எங்கள் மொழியில் வானொலி வேண்டும் என்றார்கள். 1970இல் அனுமதியின்றித் தாங்களே சிறிய வானொலி ஒன்றை நடத்தியும் காட்டினார்கள். அரசு இறங்கி வந்தது. 1972 ஏப்ரல் 2, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, 'ராடியோ ந கேல்டாக்டா' என்னும் பொது வானொலி ஒலிக்கத் தொடங்கியது.

கன்னிமாரா, டொனகல், கெர்ரி ஆகிய மூன்று இடங்களில் அதற்கு நிலையங்கள் அமைந்தன. ஊர்ச் செய்தி, அரசியல் விவாதம், பாட்டு, மரண அறிவிப்பு எல்லாம் ஐரிஷ் மொழியிலேயே வந்தன. ஒருவர் வட்டார வழக்கு மற்றவருக்கு முதலில் புரியவில்லை; கேட்கக் கேட்கப் பழகிற்று. அந்தக் கரையில் பிறந்த மார்ட்டின் ஓ கைன் 1949இல் ஒரு நாவல் வெளியிட்டிருந்தார். அதில் கல்லறையில் கிடக்கும் இறந்தோர் ஊர் வம்பு பேசி ஓயாமல் சண்டையிடுவார்கள். அந்தக் கதை நாடகமாக இவ்வானொலியில் ஒலித்தபோது, புத்தகம் தொடாதவரும் தம் ஊர் எழுத்தாளரைத் தம் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்கள்.

வானொலி வந்ததால் அம்மொழியின் தேய்வு நின்றுவிடவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் தங்கள் பேச்சு வெட்கப்படத் தக்கதல்ல என்பதை அம்மக்கள் நாள்தோறும் காதால் கேட்டார்கள். சட்டம் ஒரு மொழிக்குப் பதவி தரலாம். உயிர் தருவது அன்றாடப் பேச்சுதான். நம் பிள்ளைகளோடு நாம் வீட்டில் எந்த மொழியில் பேசுகிறோம்? இன்றிரவு உணவுக்கு அமரும்போது இக்கேள்வியை நமக்குள் கேட்டுப் பார்ப்போம்.