முத்துக்குளியில் கயிறு பிடித்தது யார்?

நம்ம நண்பர்கள் நாலு பேர் போன மாசம் கேரளாவுல வாகமண் மலைக்குப் போய் பாராகிளைடிங் பண்ணிட்டு வந்தாங்க. வந்ததிலிருந்து ஒரே அலப்பறைதான். காத்து சரியில்லைன்னு உச்சியில மூணு மணி நேரம் உட்கார வச்சாங்களாம். அப்புறம் பட்டையெல்லாம் மாட்டி, பின்னாடி ஒரு பைலட்டைக் கட்டிவிட்டு, "ஓடுங்க"ன்னாங்களாம். "முன்னப் பின்னத் தெரியாத ஆள் கையில உசிரைக் குடுத்துட்டுக் குதிக்கிறோம்டா"ன்னான் ஒருத்தன்.

அதைக் கேட்டதும் எனக்குத் தூத்துக்குடி ஞாபகம்தான் வந்துச்சு. காத்துக்காகக் காத்திருந்து, அடுத்தவன் கையில உசிரைக் குடுத்துட்டுக் குதிச்ச ஆளுங்க நம்ம கடற்கரையில ரெண்டாயிரம் வருஷமா இருந்திருக்காங்க. என்ன, அவங்க குதிச்சது கீழே, கடலுக்குள்ள. விளையாட்டுக்கும் இல்ல, வயித்துப் பொழப்புக்கு.

முத்துக்குளியோட ஒரு நாளைச் சொல்றேன், கேளுங்க. ரெண்டு பருவமழைக்கும் நடுவுல, மார்ச் - ஏப்ரல் வாக்குல கடல் அமைதியா இருக்கும். அதுதான் சீசன். நடுராத்திரிக்கு மேல நிலத்திலிருந்து கடலைப் பார்த்துக் காத்து வீசும். அந்தக் காத்துல பாய் விரிச்சு மொத்தப் படகுகளும் கிளம்பும். விடியறப்போ 'பார்' மேல நிக்கணும். பார்ன்னா கடலடியில சிப்பி விளையுற பாறைத் திட்டு. தூத்துக்குடிக்கு எதிரே இருக்குற தொலையாயிரம் பார் அதுல பேர் போனது. மதியம் காத்து திரும்பி, கடலிலிருந்து கரைக்கு வீசும். அதுல ஏறி வீடு திரும்பணும். இன்ஜின் கிடையாது, போக ஒரு காத்து, வர ஒரு காத்து.

குளியாள் காலுக்கடியில ஒரு கல். பத்துப் பதினஞ்சு கிலோ இருக்கும். இடுப்பில அல்லது கழுத்தில ஒரு வலைப்பை. மூச்சை இழுத்துப் பிடிச்சுக் கயித்தை விட்டா கல் அவனை விறுவிறுன்னு அடிக்குக் கொண்டுபோயிடும். 15, 20 மீட்டர் ஆழம். 20 மீட்டர்ல அழுத்தம் மேலே இருக்குறதைப் போல மூணு மடங்கு. நெஞ்சுல இருக்குற காத்து மூணுல ஒரு பங்கா சுருங்கிடும். காது வலி உசிர் போகும். அங்கே ஒரு நிமிஷம் போல தடவித் தடவிச் சிப்பி பொறுக்கிட்டு, கயித்தைச் சுண்டி இழுப்பான். மேலே இருக்குறவன் தூக்கணும். ஒரு கல்லுக்கு ரெண்டு பேர், மாத்தி மாத்தி மதியம் வரைக்கும்.

மேலே கயிறு பிடிக்கிறது யாரு? மச்சானாத்தான் இருக்கணும்னு தெக்கத்திப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கூடப் பிறந்த அண்ணன் தம்பின்னா சொத்து ஆசையில கைவிட்டாலும் விடுவானாம்; மச்சான் கயித்தை விட்டா அவன் தங்கச்சி இல்ல தாலியறுக்கணும்! ஆவணத்துல தேடினா கிடைக்கிற சமாச்சாரம் இல்ல இது. ஆனா அந்தத் தொழில் எதை நம்பி நடந்துச்சுன்னு இதைவிடச் சுருக்கமா சொல்ல முடியாது.

கயித்துக்கு மச்சான். சுறாவுக்கு? அதுக்கும் ஆள் இருந்தாங்க. 13-ம் நூற்றாண்டு கடைசியில வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கார்: மந்திரம் போட்டு மீனைக் கட்டுறவங்களுக்கு இருபதுல ஒரு பங்கு முத்து, ராஜாவுக்குப் பத்துல ஒரு பங்கு. ராத்திரியானா மந்திரத்தை அவுத்து விட்டுடுவாங்களாம், திருட்டுத்தனமா யாரும் குளிக்கக் கூடாதுன்னு! செம செக்யூரிட்டி :-) பின்னால இவங்களைக் 'கடல்கட்டி'ன்னு சொன்னாங்க. பரதவர்கள் 1530-கள்ல கிறிஸ்தவத்துக்கு மாறின பிறகும் கடல்கட்டி போகல. அவர் இல்லாம குளியாள் இறங்க மாட்டான். கீழே போறவனுக்கு யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும், அவ்வளவுதான்.

இப்போ பங்கு விஷயத்துக்கு வருவோம். என்னை உறுத்துறது இதுதான். கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான 'பெரிப்ளூஸ்', பாண்டியர் கொற்கையில தண்டனைக் கைதிகளை முத்துக்குளிக்க விட்டதா சொல்லுது. இன்னிக்குக் கொற்கை கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே வயக்காட்டு நடுவுல கிடக்கு. அப்புறம் போர்ச்சுகீசியர், 1658-ல டச்சுக்காரர், கடைசியா ஆங்கிலேயர். ஆங்கிலேயர் காலத்துல கரையில சிப்பியை மூணு குவியலாப் பிரிக்கணும். அதுல ரெண்டு சர்க்காருக்கு. மிச்சம் ஒண்ணுதான் குளிச்சவங்களுக்கு. அதுலயும் கயிறு பிடிச்சவனுக்கு, படகுக்காரனுக்குன்னு போகும். சர்க்கார் குவியல் சாயங்காலமே ஆயிரம் ஆயிரமா ஏலம் போகும், உள்ளே முத்து இருக்கா இல்லையான்னு தெரியாமலே. லாட்டரிச் சீட்டு மாதிரிதான்!

பேராசை எங்கே கொண்டுபோய் விட்டுச்சுன்னு பார்க்க எதிர்க்கரை போதும். சிலோன் பக்கம் 1905-ல 8 கோடிக்கு மேல சிப்பி எடுத்தாங்க. நம்ம பக்கத்துக் குளியாட்களும் அரபுக்காரங்களும் சேர்ந்து எடுத்தது. அடுத்த வருஷமே ஒரு கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகை. சில வருஷத்துலயே பார் வெறிச்சோடிப் போய், கம்பெனி கடையைக் கட்டிடுச்சு.

தூத்துக்குடியில கடைசியா 1955-லிருந்து 1961 வரை முத்துக்குளி நடந்துச்சு. அதோட சரி. 1973-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க தூத்துக்குடி பக்கத்துல வேப்பலோடையில வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினாங்க. ஊருக்கு முத்துநகர்னு பேரு இருக்கு, ரயிலுக்கும் அந்தப் பேரு இருக்கு. கடலுக்கடியில போறவங்க இப்போ சங்குக்காகப் போறாங்க. கல்லுக்குப் பதில் கம்ப்ரஸரும் குழாயும். மேலே ஒருத்தன் பார்த்துக்கணும்கிறது மட்டும் மாறல.

எத்தனை சிப்பி, எத்தனை படகு, எவ்வளவு ரூபாய்னு பழைய அறிக்கைகள்ல பக்கம் பக்கமா இருக்கு. குளிச்சவன் பேரைப் பார்க்கிறது அபூர்வம், கயிறு பிடிச்சவன் பேரு அதைவிட அபூர்வம். 1961-ல படகேறின பையனுக்கு இன்னிக்கு எண்பது தாண்டியிருக்கும். திரேஸ்புரம், புன்னக்காயல், மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம்னு உங்களுக்கு உறவோ நட்போ இருந்தா, மக்களே, அடுத்த தடவை போறப்போ அந்தத் தாத்தாவைத் தேடிப் பிடிங்க. "உங்களுக்கு யாரு தாத்தா கயிறு பிடிச்சாங்க?"ன்னு கேளுங்க. அவர் சொல்ற பேரை எழுதி வைங்க.