தேயிலைத் தூசும் தொய்வு நோயும்

களனி ஆற்றைக் கடக்கும் பெருந்துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் இட்ட பெயரே இன்றைய கிராண்ட்பாஸ். ஓடம் கட்டிய அப்பகுதிக்கு, காலப்போக்கில் மலைநாட்டுத் தேயிலையும் வந்து சேரலாயிற்று. பண்டகசாலைகளில் தேயிலையைக் கொட்டிக் கலந்து பெட்டிகளில் அடைக்கும்போது, கொழுந்தின் நுண்மயிர் பஞ்சுபோல் காற்றில் மிதக்கும். அதனை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளருட் சிலரைத் தொய்வு பற்றிக்கொள்வதுண்டு.

கொழும்பில் பணிபுரிந்த இத்தாலிய மருத்துவர் காஸ்டெல்லானியும் சால்மர்சும் தமது நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பில், தேயிலை சுவைப்போருக்கு வரும் இருமலைக் குறிப்பிட்டனர். தேயிலைத் தூசால் விளையும் தொய்வைத் தெளிவாக எழுதியவரோ, இலங்கை நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. ஊரகொட, அது 1970இல். தேயிலை கலக்கும் தொழிலாளரைப் பற்றி அவர் எழுதியது 1980இல். உழைப்பவனின் மூச்சுக்கு மருத்துவ நூலில் இடம் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று!

தொய்வென்பது மூச்சுக்குழாய்த் தசையின் இழுப்பு, வந்து போவது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதனை அழற்சியென்று ஒஸ்லர் 1892இலேயே எழுதியிருந்தார். தொய்வால் இறந்தோரின் மூச்சுக்குழாய்களை ஹியூபர், கோஸ்லர் இருவரும் அளந்து, சுவரும் தசையும் தடித்திருந்ததை 1922இல் வெளியிட்டனர். ஆயினும் தசையைத் தளர்த்தும் மருந்திலேயே பலரது கவனமும் நின்றது.

தடிப்பு எவ்வாறு நேர்கிறது? ஒவ்வாத தூசைப் பகையெனக் கொண்டு நோயெதிர்ப்புக் கலங்கள் திரளுகின்றன. அவற்றுள் ஒன்று, ஏர்லிக் 1879இல் பெயரிட்ட இயோசினோபில். அது சுரக்கும் புரதங்கள் குழாயின் உட்படலத்தையே அரிக்கின்றன. அதனிடமிருந்து பிறக்கும் வேறு சில பொருள்கள் நார்க்கலங்களைத் தூண்டிக் கொலாஜன் நாரை இடச்செய்கின்றன. படலத்தின் அடியிற் படிவது இந்நாரே என்பதைச் சவுதாம்டன் ஆய்வாளர் 1989இல் காட்டினர். சுவர் வெடிக்குந்தோறும் உட்புறமே சாந்து பூசிவந்தால் அறை சிறுத்துப்போகும் அல்லவா? தசையும் சளிச்சுரப்பிகளும் பெருத்து வழியை மேலும் ஒடுக்குகின்றன. சிறுவரிடத்தும் இத்தடிப்புக் காணப்படுவதால், அழற்சிக்குப் பின்னரே அது வருகிறது என்று அறுதியிடுவதற்கில்லை.

1970களில் பரவிய உள்மூச்சு ஸ்டீரொய்ட் மருந்து இயோசினோபில்களைக் குறைக்கிறது; தடித்த தசை அத்துணை எளிதில் இளைப்பதில்லை. கனடாவின் மர ஆலைகளில் செங்கேதாரத் தூசால் தொய்வுற்ற தொழிலாளருட் பலர், வேலையை விட்ட பின்னரும் குணமடையவில்லை. நோய் தொடங்கியதும் விரைவில் விலகியவர்களே பெரும்பாலும் தேறினர்.