பெயர் சொல்லா மருந்து: காலடிப்பேட்டையும் கைவைத்தியப் பதிவுகளும்

திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊராகும். காலட்பேட்டை என்பதே மக்கள் வழக்கில் காலடிப்பேட்டையாயிற்று. தறியையும் துணியையும் கணக்கிட்ட கும்பினியின் வணிக ஆவணங்கள், அக்குடிகள் சளிக்கும் குழந்தையின் வயிற்றுவலிக்கும் என்ன மருந்து கொடுத்தனர் என்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.

ஆயினும் ஐரோப்பியர் இவ்வறிவைப் புறக்கணித்தனர் எனல் பொருந்தாது. காலட்டுக்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுன் சென்னைச் சுற்றுவட்டாரச் செடிகளைத் தமிழ்ப் பெயர்களுடனும் மருத்துவப் பயன்களுடனும் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினார். செடியின் பெயர் நிலைத்தது. பயனைச் சொன்னவர் யார் என்பது பெரும்பாலும் மறைந்தது.

இதற்கு வசம்பு நல்ல சான்று. விளக்கில் சுட்டு, கல்லில் உரைத்துக் குழந்தையின் நாவில் தடவுவது வீட்டுமுறை. வைட்லா ஐன்ஸ்லி 1826இல் வெளியிட்ட நூலில், நள்ளிரவில் வசம்பு கேட்டு வருபவருக்குக் கதவு திறவாத கடைக்காரர் தண்டத்துக்கு உள்ளாவார் என்று குறிப்பிடுகிறார். மருந்தின் மதிப்பை இதனினும் தெளிவாக உணர்த்தும் குறிப்பு அரிது. எனினும், அந்த இரவில் கடைக்கு ஆளனுப்பிய தாய் அதில் இல்லை. அவள் குரலைப் ‘பிள்ளை வளர்ப்பான்’, ‘பேர் சொல்லாதது’ ஆகிய வழக்குப் பெயர்களிலேயே கேட்க முடிகிறது. (பழமை பாதுகாப்புக்குச் சான்றாகாது: வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968இல் தடைசெய்தது.)

பிற்காலப் பதிவுகளும் இப்போக்கினின்று விலகவில்லை. முகையதீன் ஷெரிப்பின் சென்னை மருந்துப்பொருள் நூல் (1891) மருத்துவமனை அனுபவத்தில் எழுந்தது. 1921இல் அமைந்த முகம்மது உஸ்மான் குழு சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களின் சாட்சியங்களைத் திரட்டி 1923இல் அறிக்கையளித்தது. சுதேச மருத்துவத்துக்கு அரசு ஏற்பு தேடிய அக்குழுவுக்குச் சாத்திரமே வலிய சான்று, அடுப்பங்கரை அன்று.

அயர்லாந்து வேறு வழியில் சென்றது. அங்கு நாட்டுப்புறவியல் ஆணையம் 1937 முதல் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்களைக் கொண்டு ஊர்வழக்குகளைத் திரட்டியது. பாட்டி சொன்ன மருக்கு மருந்தையும் பல்வலி மருந்தையும் பேரப்பிள்ளைகள் ஏட்டில் எழுதினர். பல பக்கங்களில் சொன்னவரின் பெயரும் ஊரும் உள்ளன. அதே காலத்தில் காலடிப்பேட்டையின் பள்ளிப் பிள்ளைகளிடமும் ஓர் ஏடு கொடுக்கப்பட்டிருந்தால், நொச்சி வேது பிடித்த வீடும் சுக்கு இடித்த கையும் இன்று பெயருடன் கிடைத்திருக்கும்.