விண்ட்சர்ஃபிங் பூம்: ஒரு பாயிலிருந்து பல பாய்களுக்கு

விண்ட்சர்ஃபிங் பூம் என்பது பாய் பொருத்திய சறுக்குப் பலகையில் பாயை விரித்துப் பிடிக்க உதவும் வளைந்த கைப்பிடிச் சட்டம். வீரர் நின்றபடி இரு கைகளாலும் இதைப் பற்றிப் பாயைத் திருப்புகிறார், சாய்க்கிறார், காற்றின் விசையைத் தன் உடலால் தாங்குகிறார். 1960-களில் இவ்விளையாட்டு தொடங்கியபோது ஒரு பலகை, ஒரு பாய், ஒரு பூம் என்பதே முறை. பின்னர் காற்றின் வேகத்துக்கேற்பப் பல அளவுப் பாய்கள் தேவைப்பட்டன. ஒவ்வொரு பாய்க்கும் தனிப் பூம் வாங்குவது பெரும்பாலோருக்கு இயலாத செலவு. நீட்டிக் குறுக்கக்கூடிய அலுமினியப் பூம் இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக அமைந்தது. ஆனால் நீட்டும் வசதிக்காக விறைப்பில் ஓரளவை இழக்க வேண்டியிருந்தது. பூமின் வரலாறு பெருமளவில் இந்தப் பேரத்தின் வரலாறே.

அமைப்பு

பாய்மரக் கப்பல்களில் பாயைத் தாங்கும் குறுக்குமரத்தைத் தமிழில் பருமல் என்பர். மேலைநாட்டுப் பாய்ப்படகுகளில் முக்கோணப் பாயின் அடிவிளிம்பை விரித்துப் பிடிக்கும் ஒற்றைத் தண்டு பூம் எனப்படுகிறது. படகின் பூமைக் கயிற்றால் இயக்குவார்கள். விண்ட்சர்ஃபிங்கில் அது நேரடியாகக் கையில் இருக்கிறது. எனவே அது பாயின் அடியில் இல்லாமல் நிற்பவரின் மார்பு அல்லது தோள் உயரத்தில் இருக்கிறது.

இந்தப் பூமுக்கு இரண்டு கைகள் உண்டு. இரண்டும் பாயின் இருபுறமும் வில்போல் வளைந்து சென்று, முன்னால் பாய்மரத்திலும் பின்னால் பாயின் பின்முனைக்கு அப்பாலும் இணைகின்றன. பறவையின் கழுத்தடியில் இருக்கும் கவை எலும்பின் வடிவை ஒத்திருப்பதால் ஆங்கிலத்தில் இதை விஷ்போன் பூம் என்கிறார்கள். காற்று எப்பக்கத்திலிருந்து வந்தாலும் பாய் மறுபக்கம் புடைக்கிறது. கைகள் வளைந்திருப்பதால் புடைத்த பாய் அவற்றில் இடிபடாமல் தன் வடிவைப் பெறுகிறது. வீரர் காற்று வரும் பக்கத்துக் கையைப் பற்றிக்கொள்கிறார். பாயின் பின்முனையிலிருந்து வரும் கயிறு பூமின் வால்பகுதியில் கட்டப்படுகிறது. இக்கயிற்றை இறுக்கினால் பாய் தட்டையாகும், தளர்த்தினால் ஆழமாகும்.

தோற்றம்

நின்றபடி பாயைக் கையில் பிடித்துப் பலகையைச் செலுத்தும் எண்ணம் ஒரே இடத்தில் தோன்றியதல்ல. இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் 1958-இல் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பாய் பொருத்திய பலகையொன்றைச் செய்து பயன்படுத்தினான். அதன் பூம் பாயின் இருபுறமும் செல்லும் இரு நேரான தண்டுகளால் ஆனது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த நியூமன் டார்பி, பட்டம் போன்ற பாயுடன் ஒரு பலகையை வடிவமைத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1965 ஆகஸ்டில் ‘பாப்புலர் சயன்ஸ்’ இதழில் வெளியானது. டார்பியின் பாயில் கவை வடிவப் பூம் இல்லை.

இன்று அறியப்படும் வடிவம் தெற்குக் கலிஃபோர்னியாவில் உருவானது. வானூர்திப் பொறியாளர் ஜிம் டிரேக், அலைச்சறுக்கு வீரரான ஹாயல் ஷ்வைட்சர் ஆகிய இருவரும் இதில் இணைந்து பணியாற்றினர். எத்திசையிலும் சாயும் மூட்டின் மீது பாய்மரத்தை நிறுத்துவதும், கவை வடிவப் பூமால் பாயைக் கையாள்வதும் இவ்வடிவின் இரு அடிப்படைகள். 1967 மே மாதத்தில் டிரேக் இதைக் கடலில் சோதித்தார். 1968 மார்ச் 27 அன்று இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1970 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1973-இல் டிரேக் தன் பங்கை 36,000 டாலருக்கு ஷ்வைட்சரின் நிறுவனத்துக்கு விற்றார்.

காப்புரிமை வழக்குகள்

ஐரோப்பாவில் விளையாட்டு வேகமாகப் பரவியதும் பல நிறுவனங்கள் பலகைகளைத் தயாரித்தன. ஷ்வைட்சரின் விண்ட்சர்ஃபிங் இன்டர்நேஷனல் நிறுவனம் அவற்றிடம் உரிமக் கட்டணம் கோரியது. அதைத் தொடர்ந்த வழக்குகளில் பூமின் வடிவம் முக்கியமான கேள்வியாயிற்று.

பிரிட்டனில் டாபர் மரைன் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சில்வர்ஸின் சிறுவயதுப் பலகை சான்றாக முன்வைக்கப்பட்டது. காப்புரிமை வில்போல் வளைந்த பூமைக் குறிப்பிடுகிறது, சில்வர்ஸின் தண்டுகளோ நேரானவை என்பது உரிமையாளர் தரப்பின் வாதம். நேரான தண்டுகளும் காற்றின் விசையில் வளைந்து வில் வடிவம் பெற்றன என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. டார்பியின் கட்டுரையைப் படித்த துறை அறிவுள்ள ஒருவருக்கு, அந்தப் பட்டப் பாய்க்குப் பதிலாக முக்கோணப் பாயையும் கவைப் பூமையும் பொருத்துவது எளிதில் தோன்றக்கூடிய மாற்றமே என்றும் முடிவு செய்தது. பிரிட்டனில் காப்புரிமை செல்லாததாயிற்று. ஒரு கண்டுபிடிப்பு எளிதில் தோன்றக்கூடியதா என்பதை ஆராய இத்தீர்ப்பு வகுத்த படிநிலைகள் ‘விண்ட்சர்ஃபிங் சோதனை’ என்ற பெயரில் பிரிட்டிஷ் சட்டத்தில் நிலைத்தன. அமெரிக்காவில் மாறாகக் காப்புரிமை செல்லும் என்ற தீர்ப்பே கிடைத்தது.

1986 பிப்ரவரி 25 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு மற்றொரு வகையில் முக்கியமானது. ஜெர்மன் காப்புரிமை பாய்மரம், பாய், பூம் ஆகியவை சேர்ந்த பாய்த்தொகுதியை மட்டுமே காப்பதாக அது கருதியது. ஆகவே அப்பாய்த்தொகுதியைக் குறிப்பிட்ட பலகைகளோடு மட்டுமே விற்க வேண்டும் என்ற உரிம நிபந்தனை போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பானது. பலகை ஓரிடத்திலும் பாய்த்தொகுதி வேறிடத்திலும் வாங்கலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றினாலும் அன்று அது வழக்காடிப் பெற்ற உரிமை.

மரத்திலிருந்து அலுமினியத்துக்கு

தொடக்ககால விண்ட்சர்ஃபர் பலகைகளின் பூம் தேக்கு மரத்தால் ஆனது. மெல்லிய பட்டைகளை ஒட்டி வளைத்து அதைச் செய்தனர். பலகையின் நீளம் சுமார் 3.65 மீட்டர், பாயின் பரப்பு சுமார் 5.2 சதுர மீட்டர். எல்லோருக்கும் ஒரே அளவுப் பாய் என்பதால் பூமின் நீளத்தை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. பின்னர் அலுமினியக் குழாய்களை வளைத்து, கைப்பிடிக்கு ரப்பர் உறையிட்ட பூம்கள் மரத்தின் இடத்தைப் பிடித்தன. இவை எடை குறைந்தவை. பெரும் எண்ணிக்கையில் ஒரே அளவாகத் தயாரிக்கவும் ஏற்றவை.

அக்காலத்தில் பூமின் முன்முனையைப் பாய்மரத்தோடு கயிற்றால் கட்டினார்கள். முதலில் பூமைப் பாய்மரத்துக்கு இணையாக வைத்துக் கட்டி, பிறகு செங்குத்தாகத் திருப்பினால் கட்டு இறுகும். சரியாகக் கட்டத் தெரியாதவருக்குப் பூம் ஆடும், கீழே வழுக்கும். உயரத்தை மாற்ற விரும்பினால் கரைக்கு வந்து அவிழ்த்துக் கட்ட வேண்டும். 1980-களில் நெம்புகோலை மடக்கிப் பூட்டும் கவ்வி வகை முன்பிடி பரவியது. அதன் பின் ஒரு பாயிலிருந்து பூமைக் கழற்றி வேறு பாயில் பொருத்துவது சில நொடி வேலையாயிற்று. ஒரே பூமைப் பல பாய்களுக்குப் பயன்படுத்துவதற்கு இந்த மாற்றம் பெரிதும் உதவியது.

பாய்கள் பெருகிய காலம்

1970-களில் ஹவாய்த் தீவுகளில் விளையாட்டின் போக்கு மாறியது. கைலுவாவில் லாரி ஸ்டான்லி, மைக் ஹோர்கன் முதலியோர் 1977-இல் பலகையில் கால்வார்களைப் பொருத்தி அலைகளில் தாவினர். உடலில் அணிந்த வாரின் கொக்கியைப் பூமில் தொங்கும் கயிற்றில் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸ் முறையும் அந்தப் பத்தாண்டில் பரவியது. இதனால் கைகளின் களைப்பு குறைந்தது. ஆனால் வீரரின் உடல் எடை முழுவதும் பூமில் தொங்கத் தொடங்கியது. அதுவரை கைப்பிடியாக இருந்த பூம் சுமைதாங்கும் உறுப்பாகவும் மாறியது.

அலைகளுக்கும் பலத்த காற்றுக்கும் ஏற்ற குட்டைப் பலகைகள் வந்தபோது ஒரே பாய் போதாமற் போயிற்று. பலத்த காற்றில் பெரிய பாயைப் பிடித்து நிற்க முடியாது. மென்காற்றில் சிறிய பாய் பலகையை நீர்மேல் எழுப்பாது. எனவே 4 சதுர மீட்டருக்குச் சற்று மேலிருந்து 7 சதுர மீட்டர் வரை மூன்று நான்கு பாய்களை ஒருவரே வைத்திருக்கும் வழக்கம் உருவாயிற்று.

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங் முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே போட்டியாளர் அனைவரும் விண்ட்கிளைடர் என்ற ஒரே வகைப் பலகையையும் பாயையும் பயன்படுத்தினர். போட்டிக்கு ஒரே பாய் போதுமாக இருந்தது. கடற்கரையில் பொழுதுபோக்காக ஈடுபட்டவர்களுக்குத்தான் பாய்களின் எண்ணிக்கை செலவாக வந்து சேர்ந்தது.

நீளும் பூம்

இச்செலவைக் குறைத்தது நீட்டிக் குறுக்கும் பூம். இதன் முன்பகுதிக் குழாய்களுக்குள் வால்பகுதியின் மெல்லிய குழாய்கள் நுழைகின்றன. குழாய்களில் வரிசையாகத் துளைகள் உண்டு. வாலை வேண்டிய நீளத்துக்கு இழுத்து, பொத்தானாலோ பூட்டாலோ நிறுத்தலாம். பெரும்பாலான பூம்கள் சுமார் 50 செ.மீ. வரை நீளும். 140–190, 150–200, 180–230 செ.மீ. போன்ற வீச்சுகளில் இவை விற்கப்படுகின்றன.

பாய்களின் வடிவமும் இதற்குத் துணை நின்றது. பழைய பாய்களில் பூம் மிக நீளம். பின்வந்த வடிவமைப்பாளர்கள் பாயை உயரமாகவும் பின்புறம் குட்டையாகவும் அமைத்தனர். பாயின் பரப்பு கூடும்போது அந்தக் கூடுதலில் ஒரு பகுதி உயரத்திலும் சேர்ந்தது. இன்று 4.7 சதுர மீட்டர் பாய்க்கு ஏறத்தாழ 160 செ.மீ. பூமும், 7 சதுர மீட்டர் பாய்க்கு ஏறத்தாழ 195 செ.மீ. பூமும் போதும். இடைவெளி 35 செ.மீ. மட்டுமே என்பதால் 150–200 வீச்சுள்ள ஒரே பூம் இடையிலுள்ள எல்லாப் பாய்களையும் தாங்குகிறது.

விறைப்பும் விலையும்

வாலை முழுதாக இழுத்தால் இரு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் பகுதி குறைகிறது. எனவே பூம் தன் உச்ச நீளத்தில்தான் அதிகம் வளைகிறது. அந்த நீளத்தில் பொருத்தப்படுவதோ காற்றை அதிகம் வாங்கும் பெரிய பாய். காற்று வீசும் ஒவ்வொரு முறையும் பூம் வளைந்தால் பாயின் பின்முனை முன்னே நகரும், பாய் தேவைக்கு மேல் ஆழமாகும், இழுவை பின்னோக்கிச் செல்லும், பலகையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். உப்புநீரில் துளைகளைச் சுற்றி அரிப்பும் ஏற்படலாம்.

கார்பன் இழையால் ஆன பூம்கள் இக்குறையைப் பெருமளவு தீர்த்தன. அவை விறைப்பானவை, எடை குறைந்தவை. ஆனால் அலுமினியத்தைவிட விலை பலமடங்கு. இதனால் பந்தய வீரர்கள் கார்பனுக்குச் சென்றனர். பொழுதுபோக்காளர்களிடமும் பயிற்சிப் பள்ளிகளிடமும் அலுமினியமே நிலைத்தது.

பல பாய்களுக்கு ஒரே பூம்

சிக்கன விலையில் ஒரே பூமைத் தேர்வதில் பின்வருவன கருதப்படுகின்றன.

முதலாவது நீளம். ஒவ்வொரு பாயிலும் அதற்குரிய பூமின் நீளம் அச்சிடப்பட்டிருக்கும். வைத்திருக்கும் பாய்களில் மிகக் குறைந்த எண்ணும் மிகக் கூடிய எண்ணும் பூமின் வீச்சுக்குள் அடங்க வேண்டும். பெரிய பாய் பூமின் உச்ச நீளத்தைத் தொடாமல் சில செ.மீ. மீதம் இருந்தால் விறைப்பு கூடும். சிறிய பாய்க்குப் பூம் நீளமாக இருந்தால் பின்முனைக் கயிறு நீண்டு பாய் ஆடும், நீட்டிக்கொண்டிருக்கும் வால் நீரில் இடறும்.

இரண்டாவது முன்பிடி. பாய்மரங்கள் இரு தடிமன்களில் கிடைக்கின்றன. பூம் பொருந்தும் இடத்தில் எஸ்.டி.எம். வகை சுமார் 48 மி.மீ., ஆர்.டி.எம். வகை சுமார் 32 மி.மீ. விட்டம் கொண்டது. மெல்லிய பாய்மரத்துக்கான இடைத்துண்டு சேர்ந்து வரும் முன்பிடி இரண்டுக்கும் பயன்படும்.

மூன்றாவது கைப்பிடியின் தடிமன். மெல்லிய குழாய் சிறிய கைகளுக்கு இதமானது. ஒரே பொருளில் தடித்த குழாய் கூடுதல் விறைப்பானது.

நான்காவது வரம்பு. 4.5 முதல் 8.5 சதுர மீட்டர் வரை எல்லாவற்றையும் ஒரே அலுமினியப் பூமில் அடக்க முயன்றால் இரு முனைகளிலும் குறை தென்படும். அந்நிலையில் அதிகம் பயன்படும் நடுத்தரப் பாய்களுக்கு ஏற்ற பூமை முதலில் வாங்கி, பெரிய பாய்க்கான பூமைப் பிறகு சேர்ப்பதே சிக்கனம்.

ஒற்றைப் பாய்க்குத் திரும்புதல்

1980-களின் உச்சத்துக்குப் பின் விண்ட்சர்ஃபிங்கில் ஈடுபடுவோர் குறைந்தனர். கருவிகளின் பெருக்கமும் செலவும் அதற்குக் கூறப்படும் காரணங்களில் அடங்கும். பிற்காலத்தில் சில போட்டி வகுப்புகள் பாய்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி இதை எதிர்கொண்டன. இளையோருக்கான டெக்னோ 293 வகுப்பில் 15 வயதுக்கு உட்பட்டோர் 6.8 சதுர மீட்டர் பாயையும், 17 வயதுக்கு உட்பட்டோர் 7.8 சதுர மீட்டர் பாயையும் பயன்படுத்துகின்றனர். இவ்விரு பாய்களுக்கான பூம் நீளங்களின் வேறுபாடு நீளும் பூம் ஒன்றின் வீச்சுக்குள் அடங்கும். பழைய விண்ட்சர்ஃபரின் மறுவடிவமான விண்ட்சர்ஃபர் எல்.டி. வகுப்பில் 5.7 சதுர மீட்டர் பாய் ஒன்றே உள்ளது. தேக்குப் பூமின் காலத்தில் இருந்த ஒரு பலகை, ஒரு பாய் என்ற எளிமை அங்கே மீண்டும் இடம்பெற்றுள்ளது.