ஏட்டில் ஏறாத ஆட்டம்: அலானா பியர்டும் தற்காப்புக் கலையும்

விக்கிரமங்கலம் வட்டாரத்தில் கபடி பார்க்காமல் வளர்ந்தவர்கள் அநேகமாக இல்லை. பாடி வருபவரைக் கார்னரில் நின்று காலைப் பிடித்து மடக்கினால் அந்த நொடியே ஒரு புள்ளி ஏறிவிடும். புரோ கபடியில், களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்துவிட்டால் இரண்டு. பாடுகிறவருக்கு எவ்வளவு கைதட்டோ, பிடிக்கிறவருக்கும் அவ்வளவு. கூடைப்பந்தில் அப்படி இல்லை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியை நாற்பது நிமிடமும் விடாமல் தொடர்ந்து, அவருக்கு வரவேண்டிய பாஸையே வரவிடாமல் செய்தவரின் பெயருக்கு நேரே ஸ்கோர் ஷீட்டில் ஒரு கோடுகூட விழாது. அந்த வேலையைச் செய்தே உச்சத்துக்குப் போன அமெரிக்க வீராங்கனை அலானா பியர்டைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்பியதற்குக் காரணம், தடுப்பவரை மதிக்கத் தெரிந்த ஊர் இது என்பதுதான்.

பெண்கள் கூடைப்பந்தில் தற்காப்பின் கதை விசித்திரமானது. 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை வகுத்தார். சிறிது காலத்திலேயே ஸ்மித் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் அதை மாணவியருக்குக் கொண்டுபோனார். பெண்கள் முட்டி மோதக்கூடாது என்பது அக்காலத்துக் கவலை. அதனால் மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். ஒருத்தி கையில் இருக்கும் பந்தை இன்னொருத்தி பறிக்கவே கூடாது என்று விதி செய்தார். பிற்பாடு வந்த ஆறு பேர் ஆட்டத்தில் மூவர் பந்தைக் கூடையில் போடுவார்கள், மூவர் தடுப்பார்கள். தடுப்பவர்கள் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. அயோவா மாநிலப் பள்ளிகளில் இந்த முறை 1993 வரை நீடித்தது. பள்ளிக்காலம் முழுக்க ஆடியும் போட்டியில் ஒரு தடவைகூடக் கூடையை நோக்கிப் பந்தெறியாத பெண்கள் அங்கே எத்தனையோ பேர். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல ஏட்டில் எண்ணே கிடையாது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டு உடற்கல்வி ஆசிரியர்களின் மரபு அங்கிருந்தே கிளைத்தது. நெய்ஸ்மித்தின் கூடத்துக்கும் நம் பள்ளி மைதானத்துக்கும் உள்ள தூரம் நினைப்பதைவிடக் குறைவு.

ஆண்கள் ஆட்டமும் எண்ணிக்கையில் இதே கஞ்சத்தனத்தைக் காட்டியது. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகள் 1946-லேயே தொடங்கிவிட்டன; ஆனால் பந்தைப் பறிக்கும் ‘ஸ்டீல்’, எறிந்த பந்தைத் தட்டிவிடும் ‘பிளாக்’ இரண்டையும் அதிகாரபூர்வமாகக் குறிக்க ஆரம்பித்தது 1973-74 பருவத்தில்தான். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997-இல் பிறந்தபோது நல்லவேளையாக முதல் ஆண்டிலிருந்தே சிறந்த தற்காப்பு வீராங்கனைக்கு விருது வைத்தார்கள். முதல் இரண்டு ஆண்டும் அதை வாங்கியவர் தெரசா வெதர்ஸ்பூன். டமிக்கா கேச்சிங்ஸ் ஐந்து முறை வாங்கினார்.

அலானா பியர்ட் இந்த வரிசைக்குப் பின்வாசல் வழியாக வந்தவர். 1982-இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்த அவர், முதலில் புள்ளி குவிக்கும் ஆட்டக்காரி. டியூக் பல்கலைக்கழகத்துக்காக 2,687 புள்ளிகள் எடுத்தார். அவர் அணிந்த 20-ஆம் எண்ணை அங்கே இனி யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கிவைத்தார்கள். 2004-இல் வீராங்கனைகள் தேர்வில் டயானா டொராசிக்கு அடுத்து இரண்டாவது ஆளாக வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அவரை எடுத்தது. 2006, 2007 பருவங்களில் ஆட்டத்துக்கு 18 புள்ளிகளுக்கு மேல் எடுத்துவந்தார். தடுப்பதிலும் அப்போதே கெட்டிக்காரர்தான். ஆனால் கூட்டம் பார்க்க வந்தது அவர் எறியும் பந்தை.

அதன் பிறகு காலில் காயம். 2010, 2011 என்று இரண்டு பருவங்கள் முழுதாகப் போயின. முப்பதை நெருங்கும் ஆட்டக்காரிக்கு இரண்டு ஆண்டு என்பது பலருக்கு முடிவுரை. 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் அணியில் திரும்பி வந்தபோது பியர்ட் பழைய வேலையைக் கேட்கவில்லை. அந்த அணியில் புள்ளி எடுக்க கேண்டஸ் பார்க்கரும் நெக்கா ஒகுமிக்கேயும் இருந்தார்கள். எதிரணியின் ஆபத்தான ஆட்டக்காரியை இரவுதோறும் மார்க் பண்ணுவது பியர்டின் வேலை ஆனது. தானாக விரும்பி இப்படிச் சுருங்கிக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான்.

அந்த வேலை பார்க்க எளிது, செய்யக் கடினம். முழங்கால் மடங்கி இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். உடல் எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். பார்வை பந்தில் இருக்கக்கூடாது, எதிராளியின் இடுப்பில் இருக்க வேண்டும். கண்ணும் தோளும் ஏமாற்றும், இடுப்பு போகாத திசைக்கு ஆள் போக முடியாது. பக்கவாட்டில் நகரும்போது கால்கள் ஒன்றை ஒன்று தாண்டக்கூடாது. ஒரு கை பந்தருகே, மற்றது பாஸ் போகும் பாதையில். குறுக்கே ஒருவர் வந்து ஸ்கிரீன் போட்டு நின்றால், பின்னால் சுற்றிப் போகாமல் இடுக்கில் நுழைந்து மேலே ஏறி வரவேண்டும். கையை வைத்து அழுத்தினால் ஃபவுல். இவ்வளவும் எதிரணி பந்தை எறிந்தாக வேண்டிய 24 வினாடிக்குள். பிறகு மறுபடி முதலிலிருந்து. பந்து கையில் இல்லாமல் இவ்வளவு உழைக்க முதலில் மனம் பழகவேண்டும், பிறகுதான் கால்.

2016 இறுதித் தொடரின் முதல் ஆட்டம் மினியாபொலிஸில். கடைசி நொடி, ஆட்டம் சமநிலை. எதிரணி மினசோட்டா யார் யாரையோ காவல் காக்க, மூலையில் நின்ற பியர்டிடம் பந்து வந்தது. மணி அடிக்கும்போது பந்து கூடையில், 78-76. ஐந்தாவது ஆட்டத்தை 77-76 என்று வென்று ஸ்பார்க்ஸ் கோப்பையை எடுத்தது. அந்த ஒரு எறிதலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். நியாயம்தான், ஆனால் அதற்கு முந்தைய மணிநேரத்தை யாரும் வெட்டி ஒட்டிக் காட்டுவதில்லை.

2017-இல், 35 வயதில், ஆட்டத்துக்கு இரண்டுக்கு மேல் என்ற கணக்கில் ஸ்டீலில் முதலிடம் பிடித்து, முதல்முறையாகச் சிறந்த தற்காப்பு வீராங்கனை விருது பெற்றார். 2018-இல் மறுபடியும். ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிகூட எடுக்காத காலம் அது. 2020 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.

நம் பக்கத்தில் பெண்கள் கூடைப்பந்தைத் தொழிலாக ஆட வழி திறந்தது பெரும்பாலும் ரயில்வே வேலைதான். தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் 2011-இல் அமெரிக்கா போய், பியர்ட் பின்னர் ஆடிய அதே ஸ்பார்க்ஸ் உட்பட டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வில் கலந்துகொண்டார். சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணித் தலைவரானார். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப்களில் ஆடினார். தாயான பிறகும் அணிக்குத் திரும்பி, 2017-இல் பெங்களூருவில் கஜகஸ்தானை இறுதிப் போட்டியில் வென்ற அணியில் இடம்பெற்றார். 2021-இல் பத்மஸ்ரீ. இத்தனை ஆண்டுகளில் அவர் தடுத்தவை எத்தனை என்று தேடினால் ஆண்டுகளும் பதக்கங்களும்தான் கிடைக்கின்றன.

அரியலூரின் கார்த்தி செல்வத்தை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். அன்று பின்வரிசையில் நின்று தடுத்தவர்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

குறுவட்டப் போட்டிக்கு நம் மாணவியர் போகும்போது, ஸ்கோர் எழுத உட்காரும் பிள்ளையின் பக்கத்தில் இன்னொருத்தியை உட்காரவைத்து ஒரு கோடு போட்ட தாளைக் கொடுக்கலாம். தட்டிவிட்ட பாஸ், இடம் பிடித்து அசையாமல் நின்று எதிராளியை மோதவைத்து வாங்கிய ஃபவுல், கை உயர்த்தி நின்றதால் தவறிய ஷாட், எதிரணியை 24 வினாடியும் தீரவைத்த தடவை: நான்கு கட்டம் போதும். பரிசளிப்பு நாளில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை கொடுக்கும் அதே மேடையில், அந்தத் தாளைப் பார்த்து இரண்டாவது கோப்பையையும் கொடுக்கலாம். செலவு ஒரு கோப்பையின் விலைதான்.