செக்கு எங்கே இருந்தது? அந்தமான் கடலில் ஓர் அரைநாள்

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். வரலாற்றுத் துறைக்காரன் வேறு எதை எழுதுவேன்? ஒரு பழைய தவறைத்தான் எழுதுகிறேன். தவறு என்னுடையது. நடந்தது 1976-இல், நம் கல்லூரிக் கலையரங்கில்.

தமிழ் மன்றத்தின் பேச்சுப் போட்டி. தலைப்பு, விடுதலைப் போரில் தமிழர் பங்கு. "அந்தமான் தீவின் இருட்டுச் சிறையிலே, மாடு இழுக்க வேண்டிய செக்கை எங்கள் வ.உ.சி. இழுத்தாரே!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அரங்கம் அதிர்ந்தது. முதல் பரிசும் எனக்கே கிடைத்தது. மறுநாள் வகுப்பு முடிந்ததும் எங்கள் பேராசிரியர் கூப்பிட்டார்.

"பரிசை நீயே வெச்சுக்கப்பா. ஆனா செக்கு இருந்தது கோயம்புத்தூர்ல" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "1908 ஜூலையில திருநெல்வேலி செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே ரெட்டை ஆயுள் தீவாந்தர சிட்சை குடுத்தார். அது உண்மை. ஆனா அப்பீல்ல தண்டனை குறைஞ்சுது. கோயம்புத்தூர், கண்ணனூர் ஜெயில்ல இருந்துட்டு 1912 டிசம்பர்ல வெளியே வந்தார். அந்தமான் மண்ணை அவர் மிதிக்கவே இல்லை" என்று விளக்கினார். பிறகு ஒன்று சொன்னார்: "நம்ம பாடப்புத்தகத்துல 'அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர்'னு ஒரு வரி வரும். அதோட பாடம் முடிஞ்சுடும். அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. முடிஞ்சா ஒரு தடவை போய்ப் பாரு."

போய்ப் பார்க்க எனக்கு 42 வருஷம் ஆயிற்று. 2018 ஜனவரியில் எங்கள் வகுப்புத் தோழர்கள் ஒன்பது பேர் குடும்பத்தோடு போர்ட் பிளேர் போனோம். இரண்டாம் நாள் காலை, தீவு சுற்றும் அரைநாள் படகில் இடம் பிடித்தோம். ராஸ் தீவு, நார்த் பே, கடைசியில் வைப்பர் தீவு. நார்த் பேயில் ஸ்நார்க்கலிங் உண்டு என்றதும், ஓய்வு பெற்ற எங்களுக்கெல்லாம் கல்லூரி வயசு திரும்பிவிட்டது!

டிக்கெட் வரிசையில் ஒரு நினைவுத்தூண்

படகுகள் புறப்படும் அபர்தீன் பக்கத்து நீர் விளையாட்டு வளாகத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. எல்லாரும் அதன் பக்கத்தில் நின்றுதான் டிக்கெட் வாங்குகிறார்கள். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் குறைவு. 1859 மே மாதம் நடந்த அபர்தீன் போரின் நினைவாக வைத்தது அது.

ஆங்கிலேயர் 1789-லேயே ஆர்ச்சிபால்ட் பிளேர் தலைமையில் இங்கே ஒரு குடியேற்றம் வைத்துப் பார்த்து, 1796-இல் மூட்டை கட்டிவிட்டார்கள். 1857 புரட்சிக்குப் பிறகுதான் மீண்டும் வந்தார்கள். 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் ஜே.பி. வாக்கர் என்பவர் 200 கைதிகளோடு கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கினார். காட்டை வெட்டித் திருத்தும் வேலை கைதிகள் தலையில் விழுந்தது. தப்பி ஓடியவர்களும் உண்டு. ஓடிப் பிடிபட்டவர்களில் 86 பேரை வாக்கர் தூக்கிலிட்டார்.

காடு யாருடையது? கிரேட் அந்தமானியப் பழங்குடியினருடையது. தங்கள் இடம் பறிபோவதைக் கண்ட அவர்கள் வில்லும் அம்புமாகத் திரண்டு வந்தார்கள். துத்நாத் திவாரி என்ற சிப்பாய்க் கைதி தப்பி ஓடி அவர்களிடையே ஒரு வருஷம் போல வாழ்ந்தவன். தாக்குதல் வரப்போகிறது என்று அவனே ஓடி வந்து ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டான். அவனுக்கு மன்னிப்பு கிடைத்தது. அம்போடு வந்தவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. அன்று ஆயிரக்கணக்கில் இருந்த அந்த இனம் நோயிலும் இடப்பெயர்விலும் அழிந்து, இப்போது அறுபது பேர் அளவில்தான் இருக்கிறது.

படகோட்டி நம்ம ஊர்க்காரர். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவராம். "நான் பொறந்தது இங்கதான் சார். தமிழ் பேசிக்கிட்டே இந்த டவுன் பூரா சுத்தி வரலாம்" என்றார். ஆனால் லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் கறார். எங்கள் நண்பர் ஒருவர், "எனக்கு நீச்சல் தெரியும்பா, இது வேற எதுக்கு?" என்று கழற்றப் போனார்.

"போடுங்கண்ணே. போட்டாத்தான் படகு எடுப்பேன்."

2014 ஜனவரி 26-ஆம் தேதி இதே கடலில், ராஸ் தீவுக்குப் பக்கத்தில், ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்து போனார்கள். பெரும்பாலோர் நம் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அதை அவர் சொன்னதும் நண்பர் மறுபேச்சில்லாமல் பட்டையை இறுக்கிக் கொண்டார்.

ராஸ்: ராஜ்ஜியம் இருந்த தீவு

ராஸ் தீவை ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். வாக்கர் முதலில் இறங்கிய சாத்தம் தீவில் குடிதண்ணீர் போதவில்லை. அதனால் இங்கே மாறினார்கள். அதன் பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தமான் முழுவதையும் ஆண்டது இந்தக் குட்டித் தீவுதான். கமிஷனர் பங்களா, தேவாலயம், ரொட்டிக் கூடம், கடைத்தெரு என்று சகலமும் இருந்தன. கட்டியவர்கள் கைதிகள்.

இப்போது எல்லாம் இடிபாடு. தேவாலயச் சுவரை ஆலமர இனத்து வேர்கள் மலைப்பாம்பு மாதிரி சுற்றிப் பிடித்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்ட புள்ளிமான்களின் சந்ததி பயமில்லாமல் கையருகே வந்து நிற்கிறது. 1941 ஜூன் 26-ஆம் தேதி பெரிய பூகம்பம் வந்தது. அடுத்த வருஷம், 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் அந்தமானைப் பிடித்தார்கள். அவர்களுடைய பதுங்கு குழிகள் கரையோரம் இன்னும் இருக்கின்றன.

இங்கே நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் செல்லுலார் சிறை தெரிகிறது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம். அதைப் பார்த்ததும் எங்கள் கணக்கு வகுப்பு நண்பர், "அங்கதானேடா நம்ம வ.உ.சி. செக்கிழுத்தது?" என்றாரே பார்க்கலாம்! என் சம்சாரம் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவருக்குக் கதை தெரியும். நான் உண்மையைச் சொன்னேன். செல்லுலார் சிறையிலும் கைதிகளைச் செக்கு இழுக்க வைத்தார்கள்; அதனால்தான் இரண்டும் குழம்பிவிட்டன. வ.உ.சி. இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

"அப்ப தமிழங்க யாருமே இங்க வரலியா?" என்றார் நண்பர். நல்ல கேள்வி!

1943 டிசம்பர் 29-இல் நேதாஜி இங்கே வந்தார். மறுநாள் போர்ட் பிளேரில் கொடி ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்று பெயர் வைத்தார். ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் தீவுகளின் நிர்வாகியாக 1944-இல் வந்தவர் ஏ.டி. லோகநாதன். ஆற்காடு துரைசாமி லோகநாதன். நம்ம தமிழர், ராணுவ டாக்டர். வந்து பார்த்தால் அதிகாரம் முழுக்க ஜப்பானியர் கையில். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு அவர்கள் உள்ளூர் ஜனங்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொண்டிருந்தார்கள். கொடி ஏற்றிய ஒரே மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். லோகநாதன் போலீஸ் துறையைக் கேட்டுப் பார்த்தார். கொடுக்கவில்லை. கல்வி மாதிரி சில்லறைப் பொறுப்புகளோடு போராடி, உடம்பு கெட்டு, அந்த வருஷமே திரும்பினார்.

இவரைப் பற்றி அன்று என் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நார்த் பே: தண்ணீருக்கு அடியில்

நார்த் பேயை நெருங்கியதும் படகோட்டி சட்டைப் பையிலிருந்து 20 ரூபாய் நோட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கலங்கரை விளக்கமும். "இதோ, இதுதான் சார் அது!" என்று எதிரே கை காட்டினார். ஆளாளுக்குப் பர்ஸைத் திறந்தோம். 2019-இல் வந்த புது நோட்டில் எல்லோரா வந்துவிட்டது. அந்தப் பழைய நோட்டு ஒன்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு இறங்கினோம். மூக்கால் மூச்சு விடக்கூடாது, வாயால் மட்டும் என்று அரைமணி நேரம் பாடம். ஆறு பேரில் நான்கு பேர் முதல் முயற்சியில் உப்புத்தண்ணீர் குடித்தோம். ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, வழிகாட்டிப் பையன் இழுத்துப் போனான். தலையைக் குனிந்ததும் வேறு உலகம்! மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பவளம். மான்கொம்பு மாதிரி ஒன்று. நீலமும் பச்சையுமாகக் கிளிஞ்சான் மீன், பவளத்தைக் கொறித்தபடி. மணலில் சோம்பேறியாகக் கடல் அட்டை.

ஆனால் நிறைய இடங்களில் பவளம் சாம்பல் நிறத்தில் உடைந்து கிடந்தது. 2010-இல் கடல் சூடேறியதில் பவளங்கள் வெளுத்துப் போயின. பவளத்துக்குள் குடியிருந்து உணவும் நிறமும் தருகிற நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிடும். அது சீக்கிரம் திரும்பாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். 2016-லும் மறுபடி ஒரு சூடு. "கால் வெக்காதீங்க அங்கிள், ஒரு விரல் அளவு வளர வருஷக்கணக்கா ஆகும்" என்று பையன் கத்தினான். நான் காலை மடக்கிக் கொண்டேன்.

வைப்பர்: இறங்காத தீவு

திரும்பும்போது துறைமுகத்தின் வடகரையோடு ஓட்டினார். மேலே மவுண்ட் ஹேரியட் மலை. 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி மாலை, வைஸ்ராய் மேயோ பிரபு அந்த மலையில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு, அடிவாரத்து ஹோப் டவுன் துறையில் படகேற வந்தார். இருட்டிலிருந்து பாய்ந்து ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதி கத்தியால் குத்தினான். இந்தியாவில் கொலையுண்ட ஒரே வைஸ்ராய் அவர்தான். அடுத்த மாதமே ஷேர் அலியை வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

வைப்பர் என்பது பிளேர் வந்த கப்பலின் பெயர் என்பார்கள். செல்லுலார் சிறைக்கு முன்னால் கால் விலங்கிட்டவர்களை வைத்திருந்தது இங்கேதான். குன்றின்மேல் குவிமாடத்தோடு தெரியும் தூக்குமேடைக் கட்டடத்தைப் படகோட்டி காட்டினார். அன்று இறங்க முடியவில்லை. மெதுவாகப் பக்கத்தில் ஓட்டி நிறுத்தினார். காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் அப்போதுதான் சத்தமில்லாமல் இருந்தது.

நாங்கள் வந்த பிறகு பெயர்கள் மாறின. ராஸ் தீவு 2018 டிசம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆயிற்று. மவுண்ட் ஹேரியட் 2021-இல் மவுண்ட் மணிப்பூர். போர்ட் பிளேரே 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம். வெள்ளைக்கார சர்வேயர்களும் கப்பல்களும் வைத்துப் போன பெயர்கள் போகட்டும். ஆனால் அந்த ரொட்டிக் கூடத்தைக் கட்டியவன் பெயர் என்ன? அந்த 86 பேர் யார் யார்?

தீவாந்தரம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1801 தென்னாட்டுக் கிளர்ச்சி அடங்கியதும், சின்ன மருதுவின் மகன் சிறுவன் துரைச்சாமி உள்பட 70-க்கும் மேற்பட்டோரை 1802-இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். 1921 மலபார் மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்காரர்களும் 1922-24 ராம்பா மலைப் போராளிகளும் நம் சென்னை ராஜதானியிலிருந்து அந்தமான் போனவர்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஒருவரை, அவர் இல்லாத இடத்தில் நிறுத்திக் கைதட்டல் வாங்கினேன். அதனால் அங்கே உண்மையில் இருந்தவர்களைத் தேடாமலே விட்டுவிட்டேன். இதுதான் என் தவறு. கோயம்புத்தூரா அந்தமானா என்பது அதில் சின்னப் பகுதி.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. உங்கள் ஜில்லாவிலிருந்து தீவாந்தரம் போனவர் யார் என்று பழைய நீதித்துறைக் காகிதங்களில் தேடிப் பாருங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். அடுத்த சந்திப்பு மலரில் போடச் சொல்லி நானே சிபாரிசு செய்கிறேன்.

பேராசிரியர் இன்று இல்லை. ஊர் திரும்பியதும் போய்ச் சொல்ல ஆசைப்பட்டேன், கொடுத்து வைக்கவில்லை. பரிசுக் கோப்பை இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பேரன் பேத்திகள் அது என்னவென்று கேட்டால், கோயம்புத்தூரிலிருந்து கதையைத் தொடங்குகிறேன்.