தூணும் ஓடும் சொல்லும் வரலாறு

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களின் உள்ளத்தில் எழுவன அரசர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளுமே. சற்றுக் கூடுதலாகக் கற்றவர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் நினைப்பார்கள். ஆனால் நாம் நாள்தோறும் திறந்து மூடும் கதவும், சாய்ந்து அமரும் தூணும், மழைக்கு ஒதுங்கும் ஓட்டுக் கூரையும் வரலாற்றுச் சான்றுகளே என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்வெட்டைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். வீட்டைப் படிக்கக் கண்ணும், ஒரு கேள்வியும் போதும். 'இப்பொருள் எங்கிருந்து வந்தது?' என்பதே அந்தக் கேள்வி.

நாகப்பட்டினத்தின் பழந்தெருக்களில் நடந்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். காவிரி கொணர்ந்து கொட்டிய வண்டல் மண்ணே இந்நாடு. இங்கே மலை இல்லை. ஆகவே கருங்கல் இல்லை. பெருங்காடு இல்லை, ஆகவே தேக்கு இல்லை. இருந்தும் பழைய வீடுகளின் முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் கருங்கற் பீடங்கள் இருக்கின்றன. மண் தராத பொருளை மனிதனின் உழைப்பும் வாணிகமும் தந்தன. அந்தக் கதையே இன்றைய உரையின் பொருள்.

முதலில் இம்மண்ணே தந்தவற்றைக் காண்போம். வண்டல் களிமண் சூளையில் வெந்து செங்கல்லாயிற்று. குயவரின் கைப்பட்டு நாட்டு ஓடாயிற்று. கூரையைத் தாங்கும் கைமரங்களைப் பனை தந்தது. வேய்வதற்குக் கீற்றைத் தென்னை தந்தது. கட்டுவதற்கு மூங்கிலும் கயிறும் கிடைத்தன. சுண்ணாம்புக் கல் இல்லாத இக்கடற்கரைக்குக் கிளிஞ்சல்கள் சுண்ணாம்பு தந்தன. அவற்றைக் காளவாயில் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து மாடு பூட்டிய செக்கில் அரைத்தால் சாந்து ஆகும். சுவர்ப் பூச்சுக்கும் மேல்தளத்துக்கும் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பர். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. பழஞ்சுவர் ஆண்டுக்கு ஆண்டு இறுகுவதன் காரணம் இதுவே. வேதியியல் வகுப்பில் படிக்கும் பாடத்தை நம் கொத்தனார்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இனிக் கடல் தந்தவற்றைக் காண்போம். நாகை பழமையான துறைமுகம். முதலாம் இராசராச சோழனின் காலத்தில், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசரின் பெயரால் இங்கே சூடாமணி விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தனர். 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1690இல் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டனர். 1781இல் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று.

வந்தவர்கள் அனைவரும் போய்விட்டனர். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் இன்றும் நம் வீட்டிற்குள் குடியிருக்கின்றன. சிலப்பதிகாரக் காலத்துத் தமிழர் காற்று வரும் வழியைக் 'காலதர்' என்று அழகாக அழைத்தனர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. நாமோ 'ஜன்னல்' என்கிறோம். அது போர்ச்சுக்கீசியச் சொல். சாவி, அலமாரி, மேசை, கிராதி, குசினி ஆகியனவும் அம்மொழியிலிருந்து வந்தவையே. கொல்லைப்புறத்துக் 'கக்கூஸ்' டச்சுக்காரர் தந்த சொல். இதைக் கேட்டு மாணவர்கள் நகைப்பார்கள், நகைக்கட்டும். நகைத்துக்கொண்டே கற்ற பாடம் மறவாது. அதே வேளையில் திண்ணை, முற்றம், தூண், கூடம், தாழ்வாரம், பரண் முதலிய சொற்களுக்கு அயலாரிடம் நாம் கடன்படவில்லை என்பதையும் கருதுக. வீட்டின் உடல் நம்முடையது. பூட்டும் சட்டகமும் பெட்டியுமாக வந்து சேர்ந்த உறுப்புகள் சிலவே அயலார் பெயரைச் சுமக்கின்றன.

அடுத்துத் தேக்கின் கதை. பர்மாவின் தெனாசரிமைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1826இல் பெற்றது. கீழ்ப் பர்மா 1852இலும், மேல் பர்மா 1885–86இலும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. மௌல்மீனிலும் இரங்கூனிலும் ஏற்றப்பட்ட தேக்கு மரங்கள் வங்கக் கடலைக் கடந்து நம் கரைக்கு வந்தன. செட்டிநாட்டு மாளிகைகளில் நாம் வியக்கும் தூண்கள் இவ்வழி வந்தவை. காவிரி நாட்டு வீடுகளும் தத்தம் அளவில் அச்செல்வத்தில் பங்கு பெற்றன. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆதலால் கறையான் எளிதில் அணுகாது. உப்புக் காற்றும் மழையீரமும் அதை விரைவில் கெடுப்பதில்லை. இரும்பு துருப்பிடித்து உதிரும் கடலோர ஊரில், தேக்குக் கதவும் பித்தளைக் குமிழும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல, அறிவின் தேர்வுமாகும்.

தேக்கு மிகுதியாகக் கிடைத்த பின்னர் மெத்தை வீடுகளும் பெருகின. அவற்றின் மேல்தளம் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும். நெருக்கமாக வைத்த மரச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வு வரிசையில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைப்பர். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த படையை இட்டு, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். இரும்புக் கம்பி ஒன்றுமின்றி எழுந்த தளம் அது. அந்தப் பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் தட்டிய தளங்களில் சில இன்றும் மழையைத் தாங்கி நிற்கின்றன.

கடல் வழியோடு இரும்புப் பாதையும் சேர்ந்தது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரயில் ஓடத் தொடங்கியது. தென்தமிழ்நாட்டு இரயில் பாதைகளின் தொடக்கம் நம் ஊரே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1865இல், மேற்குக் கரையில் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். ஒன்றோடொன்று பள்ளமும் வரம்புமாகப் பூட்டிக்கொள்ளும் தட்டை ஓடு அது. பின்னர்க் கோழிக்கோடு, பாலக்காடு, பரோக்கு ஆகிய இடங்களிலும் அந்த மிஷனின் தொழிற்சாலைகள் எழுந்தன. நாட்டு ஓட்டுக் கூரையில் ஓடுகளை அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும், பாரம் மிகும், ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுதோறும் ஓடு மாற்ற வேண்டும். சீமை ஓடு என்று மக்கள் அழைத்த மங்களூர் ஓட்டுக்கு அத்தொல்லை குறைவு. ஆகவே அது நாடெங்கும் பரவியது. அதன் பரவலால் நாட்டு ஓடு செய்த குயவரின் சூளைகள் பல அணைந்தன. ஒரு வசதி வரும்போது ஒரு தொழில் மறைவதை வரலாற்று மாணவன் கணக்கில் கொள்ளவேண்டும்.

1942இல் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியபோது பர்மாத் தேக்கின் பழைய வணிகம் முறிந்தது. அதற்குள் வேறொரு பொருள் வாயிலில் வந்து நின்றது. அதுவே சிமெண்டு. இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தபோது, அதற்கும் கிளிஞ்சலே மூலப்பொருளாயிற்று என்பது கருதத்தக்கது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டால்மியாபுரத்தில் 1939ஆம் ஆண்டளவில் ஆலை எழுந்த பின்னர், சிமெண்டு நம் நாட்டுக்கு அண்டைப் பொருளாயிற்று. காவிச் சாயம் கலந்த சிமெண்டுத் தரை கூடங்களில் பளபளத்தது.

இதுவரை தூண் உள்ள வீடுகளைப் பற்றியே கூறினேன். தூண் இல்லாத வீடுகளுக்கும் வரலாறு உண்டு. நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், 'உங்கள் வீடு எந்தெந்தப் பொருள்களால் ஆனது என எழுதி வாருங்கள்' என்று பணித்தேன். ஒரு மாணவன் தேக்குத் தூண், ஊஞ்சல், நெல் கொட்டும் பத்தாயம், பித்தளைத் தாழ் என இரண்டு பக்கம் நிரப்பி வந்தான். ஒரு மாணவி நான்கே வரி எழுதியிருந்தாள்: 'சுவர் மண். கூரை கீற்று. தரை சாணம் மெழுகியது. கதவு தட்டி.' அதன் கீழே, 'தாத்தா காலத்தில் இந்த மனை எங்களுடையது அன்று' என ஐந்தாவது வரி ஒன்றைச் சேர்த்திருந்தாள். அந்த ஐந்தாவது வரியைப் பாடமாக்கி அடுத்த வகுப்பை நடத்தினேன்.

பத்தாயத்தை நிரப்பிய நெல்லை விளைவித்தவர்கள் வாழ்ந்தவை கீற்றுக் குடிசைகள். நிலவுடைமையாளரின் மனையில் அவர் விருப்பத்தின்படி குடியிருந்த உழவுத் தொழிலாளி, செங்கல் வைத்துக் கட்ட எண்ணவும் இயலாது. நாளை வெளியேறு என்றால் வெளியேற வேண்டியவன் எதை நம்பிச் சுவர் எழுப்புவான்? 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, இம்மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளரின் குடியிருப்பு தாக்கப்பட்டது. உயிர் தப்ப ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் அக்குடிசையோடு எரிக்கப்பட்டனர். குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது. நம் வட்டாரத்தில் மண் சுவர் செங்கற் சுவரானதை ஆராய்வோர், அரைத்த சாந்தின் கணக்கோடு இச்சட்டத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேக்குத் தூணின் அழகை மட்டும் பாடிக் கீற்றின் கதையை விட்டுவிட்டால் நாம் கற்றது பாதி வரலாறே.

இக்கால நிலைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டையும் கீற்றையும் வாரி இறைத்தது. இவற்றைக் கண்ட மக்கள் காங்கிரீட் வீட்டை நாடியதில் வியப்பில்லை. கீற்றுக் கூரையின் குளிர்ச்சியைப் புகழ்ந்து, அதன் கீழ் நனைந்தவர்களை மீண்டும் அங்கே அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் காங்கிரீட்டும் குறையற்றதன்று. உப்பு நீரிலும் கடல் மணலிலும் குழைத்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, தளம் வெடித்து உதிர்கிறது. கடலோரத்தில் இரும்பை அளவோடு நம்பிய முன்னோரின் எச்சரிக்கை அங்கே நினைவுக்கு வருகிறது.

மற்றொரு புறம், பழைய வீடுகள் விரைந்து இடிக்கப்படுகின்றன. தூணும் நிலையும் கதவும் விலை பேசப்பட்டு, வெளியூர் விடுதிகளையும் மாளிகைகளையும் அணிசெய்யச் செல்கின்றன. மரம் பிழைக்கிறது, அது எந்த ஊரின், எந்தத் தெருவின் மரம் என்னும் செய்தி அழிகிறது. எல்லா வீட்டையும் காக்க இயலாது. வாழ்பவரின் தேவையும் பெரிது. எனினும் வழி இல்லாமல் இல்லை. டேனியர் 1620 முதல் 1845 வரை ஆண்ட தரங்கம்பாடி, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பழைய வீடுகள் சிலவற்றை இன்டாக் என்னும் மரபுக் காப்பு அமைப்பு முன்னின்று பழுது பார்த்திருக்கிறது. சென்று காணுங்கள்.

காக்க இயலாதவற்றை எழுதியேனும் வைக்கலாம். நாகையில் பௌத்த விகாரத்தோடு தொடர்புடையது என அறிஞர் கருதும் செங்கற் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. 1846இல் அதைக் கண்ட சர் வால்ட்டர் எலியட், அது மூன்று நிலை உடையது என்றும், சாந்து இன்றி நெருக்கமாகப் பொருத்திய செங்கற்களால் ஆனது என்றும் குறித்து வைத்தார். 1867இல் கோபுரம் இடிக்கப்பட்டது. கோபுரம் போயிற்று, குறிப்பு எஞ்சியது. அச்செங்கற்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதை இன்று நான் உங்களுக்குச் சொல்ல முடிவது, ஒருவர் நின்று பார்த்து எழுதியதால்தான்.

மாணவ மணிகளே! ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இடிபடவிருக்கும் வீட்டுக்குச் சென்று, உரியவரிடம் இசைவு பெற்று, தூணின் உயரத்தையும் சுவரின் கனத்தையும் அளந்து எழுதுங்கள். ஓட்டைத் திருப்பி, அதன் அடியில் பொறித்திருக்கும் தொழிற்சாலைப் பெயரைப் படியுங்கள். அவ்வீட்டுப் பெரியவர்களிடம் மரம் எப்போது வந்தது என்று கேளுங்கள்; அதைச் சுமந்தவர் யார், தளத்தைத் தட்டியவர் யார் என்றும் கேளுங்கள். பிறகு மண் சுவர் வீட்டுக்கும் சென்று அதே கேள்விகளைக் கேளுங்கள். ஒரே நாளில் அளந்த இரண்டு வீடுகளின் குறிப்பும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கட்டும்.